பழைய பொம்மையைக் கழுவுமுன்



புரட்டாசி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஆலயத்தின் சாமான் அறை திறக்கப்படும். ஓராண்டுக் காலம் துணியில் சுற்றிக் கிடந்த கொலுப் பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். மண் பொம்மைகளை எப்படித் துடைப்பது, வண்ணம் உதிர்ந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் நம் தாய்மார்கள் வழிவழியாக அறிந்து வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு அத்தகைய மரபு எதுவும் நம்மிடம் இல்லை. "பிளாஸ்டிக் தானே, கழுவினால் போயிற்று" என்று எண்ணிவிடுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணினேன். அவ்வெண்ணத்தால் நான் செய்த ஒரு பிழையையும், அதன்பின் கற்றுக்கொண்டவற்றையும் இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஆலய நிர்வாகக் குழுவில் சேர்ந்த புதிது. அது 2019-ஆம் ஆண்டு. குடும்பம் ஒன்று, தங்கள் அன்னையார் காலமான பின் அவருடைய வீட்டை ஒழித்துக் கொடுக்கும் வேளையில், அவர் பல்லாண்டுகள் வைத்து வந்த கொலுவை ஆலயத்திற்கு அன்பளிப்பாக வழங்கியது. மூன்று பெட்டிகள் வந்தன. இரண்டில் தமிழகத்திலிருந்து வந்த மண் பொம்மைகள். மூன்றாவதில் அந்த அம்மையார் சிங்கப்பூரிலேயே சேர்த்த பிளாஸ்டிக் பொம்மைகள். தவழும் குழந்தை ஒன்று. அதற்குப் பட்டுத்துணி உடுத்தி, தலையில் மயிலிறகு செருகிக் கண்ணனாக்கியிருந்தார். கைகள் அசையும் நாட்டியப் பெண் ஒன்று. ரப்பர் போன்ற மெத்தென்ற பாப்பா ஒன்று. கொலுவின் பக்கத்தில் பூங்கா அமைப்பதற்காக ஒரு பிஸ்கட் டின் நிறைய விலங்குகளும் சிப்பாய்களும்.

நாட்டியப் பெண்ணின் நெற்றியில், இடது புருவத்திற்கு மேலே, பழுப்பேறிய சிவப்பு மைக் கறை இருந்தது. சோப்பு நீருக்கு அது அசையவில்லை. என் கைப்பையில் நகச்சாயம் அழிக்கும் திரவம் இருந்தது. பஞ்சில் தொட்டு ஒரே ஒரு முறை தேய்த்தேன். கறை போயிற்று. கூடவே புருவமும் போயிற்று. நெற்றி பிசுபிசுத்துப் பஞ்சின் இழைகள் அதில் ஒட்டிக்கொண்டன. பதறிப்போய் விரலால் துடைத்தேன். என் கைரேகை அதன் முகத்தில் பதிந்துவிட்டது. இன்றைக்கும் அது அங்கேயே இருக்கிறது.

காரணம் எளிது. அந்தத் திரவத்தில் உள்ள அசிட்டோன், சிலவகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். நாட்டியப் பெண் அவ்வகையைச் சேர்ந்தவள். அதே திரவத்தை வேறொரு வகைப் பிளாஸ்டிக்கின்மேல் ஊற்றியிருந்தால் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம். ஆகவே நாம் பயில வேண்டிய முதற்பாடம் இது: பிளாஸ்டிக் என்பது ஒரு பொருளின் பெயரன்று, அது ஒரு குடும்பப் பெயர். எந்தப் பிள்ளை என்று தெரியாமல் மருந்து கொடுக்கலாகாது.

எந்த வகை என்று அறிவது எப்படி?

கண், காது, மூக்கு, விரல் ஆகிய நான்கும் போதும். ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்ப்பதும் தீயில் காட்டிப் பார்ப்பதும் கூடவே கூடாது. ஏன் என்பதை முதல் வகையே உணர்த்தும்.

1. செல்லுலாய்ட். தவழும் கண்ணன் இவ்வகை. சுவர் மெல்லியதாக, உள்ளே வெற்றிடமாக, கையில் எடுத்தால் எடையே இல்லாதது போல் இருக்கும். அழுத்தினால் குழிவிழும். பெருவிரலால் சிறிது நேரம் தேய்த்து முகர்ந்தால் மெல்லிய கற்பூர வாசனை வரும். அதில் வியப்பில்லை, பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திக் கற்பூரம் சேர்த்துச் செய்த பொருள் அது. அமெரிக்கரான ஜான் வெஸ்லி ஹையட் என்பவர் 1870-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கற்பூர மரங்கள் நிறைந்த தைவான் 1895 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்ததால், செல்லுலாய்ட் பொம்மைகள் செய்வதில் ஜப்பான் முன்னணியில் நின்றது. இப்பொருள் மிக எளிதில் தீப்பற்றும். பற்றினால் அணைப்பது கடினம். மேசைப் பந்து கூட முன்பு செல்லுலாய்டில்தான் செய்யப்பட்டது. 2014 முதல் அனைத்துலகப் போட்டிகளில் வேறு பிளாஸ்டிக் பந்துகள் புழக்கத்திற்கு வந்தன. குத்துவிளக்கும் கற்பூர ஆரத்தியும் உள்ள கொலு மண்டபத்தில் இத்தகைய பொம்மையை எங்கே வைப்பது என்பதை நாம் நன்கு சிந்திக்க வேண்டும்.

2. பாலிஸ்டைரீன். நாட்டியப் பெண் இவ்வகை. நகத்தால் தட்டினால் 'டிக் டிக்' என்று தகரம் போன்ற கூர்மையான ஒலி கேட்கும். வளையாது, கீழே விழுந்தால் உடையும். அசிட்டோன், தின்னர், பெட்ரோல் ஆகியவை இதற்கு நஞ்சு. பித்தளை விளக்கைத் துலக்கிய பழக்கத்தில் எலுமிச்சை மூடியால் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். எலுமிச்சைத் தோலில் உள்ள எண்ணெயும் பாலிஸ்டைரீனை அரிக்கும் என்பதை நினைவில் கொள்க. 'ஆரஞ்சு எண்ணெய்' கலந்த துப்புரவுத் திரவங்களும் அவ்வாறே.

3. மென்மையான பிவிசி. மெத்தென்ற பாப்பா இவ்வகை. 1959-இல் வெளிவந்த பார்பி பொம்மையும், நம் பிள்ளைகள் விரும்பிய ஜப்பானிய அல்ட்ராமேன் பொம்மைகளும் இவ்வகையைச் சார்ந்தவை. பிவிசி இயல்பில் கடினமானது. அதை மெத்தென்றாக்க ஓர் இளக்கும் எண்ணெயைக் கலக்கிறார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த எண்ணெய் மேலே கசிந்து வரும். பழைய பொம்மை பிசுபிசுப்பதற்கும் அதன்மேல் தூசி அப்பிக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

4. பாலிஎத்திலின். மலிவான சிப்பாய்களும் விலங்குகளும் பெரும்பாலும் இவ்வகை. தொட்டால் மெழுகு போன்ற வழுவழுப்பு இருக்கும். நகம் பட்டால் கீறல் விழும். வண்ணம் எளிதில் உரிந்துவிடும். உடைந்த துண்டு ஏதும் இருந்தால் நீரில் போட்டுப் பாருங்கள். பாலிஎத்திலின் மிதக்கும், பாலிஸ்டைரீனும் பிவிசியும் அமிழும். உள்ளே வெற்றிடமான முழுப் பொம்மையை மிதக்கவிட்டுப் பார்ப்பதால் பயனில்லை. காற்று நிரம்பிய எதுவும் மிதக்கும்.

5. ஏபிஎஸ். 1963 முதல் லெகோ கட்டைகள் இப்பொருளில் செய்யப்படுகின்றன. கடினமானது, பளபளப்பானது, எளிதில் உடையாதது. அசிட்டோன் இதையும் கரைக்கும். வெயில் பட்டால் இவ்வகை வெள்ளைப் பொம்மைகள் மஞ்சளாகிவிடும்.

கழுவும் முறை

வகையை உறுதி செய்துகொண்ட பின் துப்புரவைத் தொடங்கலாம். எங்கள் ஆலயத்தில் நாங்கள் பின்பற்றும் வரிசை இது.

முதலில் உலர்ந்த, மென்மையான ஓவியத் தூரிகையால் தூசியைத் தட்ட வேண்டும். நீர் பட்டபின் தூசி சேறாகிக் கண் இமைகளிலும் விரலிடுக்குகளிலும் புகுந்துகொள்ளும். நம் நாட்டின் ஈரக் காற்றில் பூஞ்சை படிவது இயல்பு. பூஞ்சை கண்டால் முகக்கவசம் அணிந்துகொண்டு, காற்றோட்டமான வெளியிடத்தில் வைத்துத் தூரிகையால் அகற்றுங்கள். அருகில் சிறுவர்கள் இருக்க வேண்டாம்.

அடுத்தது சோதனை. பாதத்தின் அடியில், அல்லது ஆடை மறைக்கும் இடத்தில், ஈரப் பஞ்சுக் குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்தப் பொம்மைக்கு உலர்ந்த தூரிகையே போதும்.

நிறம் ஏறாவிட்டால், ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு விடுங்கள். மென்மையான துணியை நனைத்துப் பிழிந்து, சிறு சிறு பகுதியாகத் துடையுங்கள். வண்ணம் தீட்டிய கண், உதடு, புருவம் ஆகிய இடங்களைச் சுற்றிச் செல்லுங்கள். அவற்றின்மேல் தேய்க்க வேண்டாம். பின்னர் வெறும் நீரில் நனைத்த துணியால் சோப்பை எடுத்துவிட்டு, உடனே ஒற்றி உலர்த்துங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம். மின்விசிறிக் காற்று போதும்.

பொம்மையை வாளி நீரில் அமிழ்த்துவது பெரும் தவறு. கழுத்து, தோள் ஆகிய மூட்டுகளின் வழியே நீர் உள்ளே புகும். கண் மூடித் திறக்கும் பொம்மைக்குள் இரும்புக் கம்பி இருக்கும். அது துருப்பிடித்தால் கண்ணிலிருந்து பழுப்புக் கண்ணீர் வழியும்.

செல்லுலாய்டைக் கழுவவே கூடாது. உலர்ந்த தூரிகை மட்டும் போதும். அதன் உடலில் வலைபோல் விரிசல் விழுந்து, மஞ்சளாகி, வியர்த்தது போல் ஈரம் கசிந்து, மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதிலிருந்து வரும் அமில ஆவி பக்கத்துப் பொம்மைகளையும் அரிக்கும். அதை உடனே தனியே பிரித்து வையுங்கள்.

செய்யக் கூடாதவை

பற்பசை, சோடா உப்பு, 'மேஜிக்' பஞ்சு எனப்படும் வெள்ளைப் பஞ்சு ஆகிய மூன்றும் மிக மெல்லிய மணல்தாளைப் போன்றவை. அழுக்கோடு பளபளப்பையும் வண்ணத்தையும் சுரண்டி எடுத்துவிடும். குளோரக்ஸ் வண்ணத்தை வெளுக்கச் செய்யும். உள்ளிருக்கும் உலோகத்தைத் துருவேற்றும். மருத்துவ ஆல்கஹால் சில வண்ணங்களைக் கரைக்கும். கடினப் பிளாஸ்டிக்கில் நுண்ணிய விரிசல்களை உண்டாக்கவும் கூடும்.

பிசுபிசுக்கும் பாப்பாவுக்கு முகப்பவுடர் தடவுகிறவர்கள் உண்டு. ஒரு நாள் அழகாகத்தான் இருக்கும். பிறகு பவுடரும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகிவிடும். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்துவதே முறை. சில மாதங்களில் மீண்டும் பிசுபிசுக்கும். மீண்டும் துடைக்க வேண்டியதுதான். இந்நோய்க்கு முழுமையான மருந்து கிடையாது.

பிவிசி பொம்மைக்கு உலோகத் தோடும் மூக்குத்தியும் குத்தி அழகு பார்ப்பது நம் வழக்கம். உலோகத்தில் செம்பு கலந்திருந்தால், அந்த இடத்தைச் சுற்றிப் பச்சைக் கறை படரும். அது உள்ளுக்குள் ஊறிய கறை. மேலே தேய்த்தால் போகாது. கறை மேலும் பரவாமலிருக்க, அணிகளைக் கொலு முடிந்ததும் கழற்றிவிடுவதே நல்லது.

மஞ்சளான வெள்ளைப் பொம்மையை ஹைட்ரஜன் பெராக்ஸைடில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும். பழைய கணினிப் பெட்டிகளைச் சேகரிப்போர் 2008-ஆம் ஆண்டளவில் இம்முறையைப் பரப்பினர். 'ரெட்ரோபிரைட்' என்று அதற்குப் பெயரும் இட்டனர். ஆனால் மஞ்சள் திரும்பி வரக்கூடும். திட்டுத் திட்டாக வெளுத்து அலங்கோலமாவதும் உண்டு. கண்ணிலும் தோலிலும் பட்டால் புண்ணாக்கும். கொலுப் பொம்மைக்கு இது தேவையில்லை என்பதே என் கருத்து. மஞ்சளும் ஒரு வயதுதானே!

கால் வளைந்து சாய்ந்துபோன சிறு பிவிசி உருவங்களை மட்டும் ஒருவாறு சீர்செய்யலாம். உள்ளே உலோகம் இல்லாத உருவத்தின் வளைந்த காலை மட்டும், கொதிக்காத சுடுநீரில் ஓரிரு நிமிடம் வைத்து, மெல்ல நிமிர்த்தி, அதே நிலையில் பிடித்தபடி குளிர்ந்த நீரில் காட்டினால் நிற்கும். வண்ணம் தீட்டிய இடமாயின் இதையும் தவிர்க்கவும்.

மேலும் ஓர் எச்சரிக்கை. பழைய பொம்மைகளின் வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கலாம். துப்புரவு முடிந்ததும் கைகளை நன்கு கழுவுங்கள். குழந்தைகள் அவற்றை வாயில் வைக்க விடாதீர்கள்.

எடுத்து வைக்கும் முறை

அந்தப் பிஸ்கட் டின்னை நாங்கள் திறந்தபோது உள்ளே ஒரு பெரிய கட்டியைக் கண்டோம். 1980-களில் பள்ளிப் பிள்ளைகள் விளையாடிய, நாட்டுக் கொடிகள் அச்சிட்ட அழிப்பான்களை யாரோ அதற்குள் போட்டிருந்தார்கள். என் வகுப்பிலேயே அவற்றைப் பறிமுதல் செய்து மேசையில் அடுக்கியிருக்கிறேன்! அந்த அழிப்பான்களும் பெரும்பாலும் மென்மையான பிவிசிதான். அவற்றின் இளக்கும் எண்ணெய் கசிந்து, பக்கத்திலிருந்த பாலிஸ்டைரீன் குதிரையின் கால்களை உருக்கி ஒட்டவைத்திருந்தது. பாலிஎத்திலின் சிப்பாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே டின்னுக்குள் ஒரு வேதியியல் பாடமே நடந்து முடிந்திருந்தது.

ஆகவே வகை வகையாகப் பிரித்து வையுங்கள். மெத்தென்ற பொம்மையும் கடினப் பொம்மையும் ஒன்றையொன்று தொடலாகாது. செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அச்சு மை பிவிசிக்குள் ஊறி, பாப்பாவின் கன்னத்தில் பங்குச் சந்தை நிலவரம் தெரியும். அமிலமில்லாத வெள்ளைத் தாள் கைவினைக் கடைகளில் கிடைக்கும். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றைப் போட்டு, வெயில் படாத, சூடேறாத அறையில் வையுங்கள். செல்லுலாய்டை மட்டும் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் தனியாக வைக்க வேண்டும். எங்கள் கண்ணன் இப்போது கொலுப்படியில் வீற்றிருப்பதில்லை. விளக்கிலிருந்து தொலைவில், கண்ணாடிப் பேழைக்குள் இருந்து அருள்பாலிக்கிறார்.

அழுக்கா, அடையாளமா?

இனி, நான் தொடங்கிய கதைக்கு வருகிறேன். அந்த ஆண்டு நவராத்திரியின் ஏழாம் நாள், கொலுவை வழங்கிய அம்மையாரின் மகள் தரிசனத்திற்கு வந்தார். என் வயதை ஒத்தவர். படிகளின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, "டீச்சர், அந்த டான்ஸ் பொம்மை எங்கே?" என்று கேட்டார். நான் அதைச் சாமான் அறையில் மறைத்து வைத்திருந்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. எடுத்து வந்து காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

அவர் அந்த நெற்றியைத் தடவிப் பார்த்தார். "அது கறை இல்லை டீச்சர். எனக்கு நாலு வயசிருக்கும். அம்மா எல்லாருக்கும் பொட்டு வச்சாங்க, இதுக்கு மட்டும் வைக்கலைன்னு நான் சிவப்புப் பேனாவால வச்ச பொட்டு. கோணலா போயிடுச்சு. அம்மா சிரிச்சாங்க. அழிக்கவே இல்லை. வருஷா வருஷம் எடுத்து வைக்கும்போது அதைக் காட்டித்தான் பேசுவாங்க" என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளின் ஏடுகளைத் திருத்தியவள் நான். ஒரு பிள்ளை வைத்த பொட்டைப் பிழை என்று அழித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பரவாயில்லை, மேலே வைங்க. ஒளிச்சு வைக்காதீங்க" என்றார்.

அன்று முதல் அந்தப் பெண் ஆண்டுதோறும் கொலுவில் தன் இடத்தில் நிற்கிறாள். நவராத்திரிக்கு இரண்டு வாரம் முன்பு நாங்கள் நடத்தும் பொம்மைத் துப்புரவு நாளில், தொண்டூழியர்கள் கையில் தூரிகை எடுக்கும் முன் நான் அவளைத்தான் மேசைமேல் வைக்கிறேன். கூடவே ஒரு குறிப்பேடும் வைத்திருக்கிறோம். பொம்மை வழங்குவோரிடம், "இதில் உள்ள கறை, கீறல், ஒட்டு எதையாவது அப்படியே விட வேண்டுமா?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம், கைத்தொலைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்கிறோம். கேட்டால் பெரும்பாலோர் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். தாத்தா ஒட்டிய கை என்பார்கள். தம்பி கடித்த காது என்பார்கள்.

சியா ஸ்திரீட்டில் 2007-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மின்ட் பொம்மை அருங்காட்சியகத்தைப் போல, பழைய பொம்மைகளைப் போற்றிக் காக்கும் இடங்கள் நம் நாட்டிலேயே உண்டு. நம் வீட்டுப் பரணில் உள்ளவை அந்தளவு விலைமதிப்பற்றவையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் அவற்றின் கதை தெரிந்தவர்கள் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம். துப்புரவைத் துணியும் சோப்பும் கொண்டு தொடங்காமல், ஒரு கேள்வியோடு தொடங்குவோம்.

இவ்வாண்டு உங்கள் இல்லத்துக் கொலுப் பெட்டியைத் திறக்கும்போது, அழுக்கென்று தோன்றும் ஒன்றைக் கண்டால் சற்றே கை நிறுத்துங்கள். அருகில் மூத்தவர் இருந்தால், "அம்மா, இது என்ன?" என்று கேளுங்கள். அன்னை பராசக்தி அனைவர் இல்லத்திலும் நலம் பெருகச் செய்வாளாக!